நாளைக்குப் பழுதானால் யார் திருத்துவது? வீட்டுக்குக் கோப்பி மெஷின் வாங்குபவர்களுக்கு

கடை என்று சொல்வது கொஞ்சம் கூடத்தான். தர்மபுரத்தில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ரோட்டோரம், வீட்டுக்கு முன்னால் இறக்கிய ஒரு தகரச் சாய்ப்பு. உள்ளே ஒரு மேசை, ஒரு மீற்றர், சோல்டரிங் அயன், பழைய மெஷின்களில் கழற்றிய சாமான்கள் நிறைந்த மூன்று பிஸ்கட் டின். ஃபேன், ரைஸ் குக்கர், தண்ணி மோட்டார் இவைதான் எனக்குச் சோறு போடுபவை. கோப்பி மெஷின் ஐந்தாறு வருடமாகத்தான் மேசைக்கு வருகிறது. முக்கால்வாசி வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்தவை.

எது நல்ல மெஷின் என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: நாளைக்குப் பழுதானால் யார் திருத்துவது, சாமான் எங்கே எடுப்பது? கொழும்பில் இருப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வாங்கலாம். நாங்கள் வாங்க முடியாது.

முதலில் மெஷினைத் திருப்பி அடியைப் பாருங்கள். போன ஐப்பசியில் விசுவமடுவிலிருந்து ஒரு அக்கா பெட்டியோடு வந்தார். "தம்பி, தங்கச்சி கனடாவில இருந்து கொண்டு வந்தவ. ஒருக்காத்தான் போட்டனான். டப் எண்டு ஒரு சத்தம், பிறகு ஒண்டுமில்லை." அடியில் ஒட்டியிருந்த தகட்டில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ், 900 வாட்ஸ் என்று இருந்தது. எங்கள் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். வோல்ட் இரண்டு மடங்கு என்றால் சூடும் இரண்டு மடங்குதானே என்று அக்கா கேட்டார். இல்லை. உள்ளே இருக்கும் சுருள் அதே சுருள்தான், அதனால் வோல்ட்டோடு கரண்டும் சேர்ந்து கூடும். இரண்டையும் பெருக்கினால் சூடு மூன்றரை மடங்கைத் தாண்டும். 900 வாட்ஸ் மெஷின் 3,300 வாட்ஸ் அளவுக்கு இழுக்கும். ஏதாவது ஒன்று போகத்தான் வேண்டும், அதில் போனது உள்ளே இருந்த சூட்டுப் பியூஸ். புதிதாக ஒன்று வைத்துக் கொடுத்திருந்தால் அதுவும் டப் என்றிருக்கும். வோல்ட்டைக் குறைக்கிற ட்ரான்ஸ்போமர் வைக்கலாம்தான். ஆனால் ஆயிரம் வாட்ஸைத் தாங்குகிற ட்ரான்ஸ்போமர் செங்கல் கட்டு மாதிரிப் பாரம், விலையும் அந்த மெஷினை விடக் கூட. அக்கா அதைத் துடைத்துக் கொண்டுபோய் ஷோகேசில் வைத்திருக்கிறார்.

லண்டனிலிருந்து வருகிற மெஷின் என்றால் பயமில்லை. வோல்ட்டும் சரி, சதுரக் கால் மூன்று உள்ள 13 அம்பியர் பிளக்கும் எங்கள் சுவருக்கு நேரே பொருந்தும். பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே, சுவிஸ் மெஷின்களுக்கும் வோல்ட் சரி, பிளக்தான் வேறு. பிளக்கை வெட்டிவிட்டு நல்ல 13 அம்பியர் பிளக் ஒன்றை எர்த் வயரோடு சேர்த்துப் பூட்டுங்கள். எங்கள் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது: மேல் ஓட்டைக்குள் பேனையைக் குத்தித் திறந்துவிட்டு, வட்டக் கால் பிளக்கைக் கீழே திணிப்பது. போன் சார்ஜருக்குச் செய்தாலே எனக்குப் பிடிக்காது. தண்ணியும் சூடும் தகர உடம்பும் சேர்ந்த மெஷினுக்கு எர்த் இல்லாமல் கரண்ட் கொடுக்கவே கூடாது. கனடாவில், அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகள் என்ன கொண்டுவர என்று கேட்டால், கரண்ட் இல்லாத சாமானாகக் கேளுங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

அடுத்தது தண்ணி. எந்தக் கடைக்காரரும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கோப்பி மெஷின்களைச் சாகடிப்பதில் கரண்டை விட இதுதான் முன்னுக்கு நிற்கிறது. உங்கள் வீட்டுக் கேத்திலின் மூடியைத் திறந்து அடியைப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொருக்கு இருந்தால், மெஷினுக்குள்ளும் அதே பொருக்குத்தான் வளரப் போகிறது. கேத்திலில் அது கண்ணுக்குத் தெரியும், கரண்டியால் சுரண்டலாம். மெஷினுக்குள் கையும் போகாது, கண்ணும் போகாது.

சாதாரண ட்ரிப் மெஷின், அதாவது மேலே தூளைப் போட்டால் கண்ணாடிச் சாடிக்குள் சொட்டுச் சொட்டாக இறங்குகிற வகை, உள்ளே எவ்வளவு எளிமை என்று பார்த்தால் சிரிப்பு வரும். அடியில் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் குதிரை லாடம் மாதிரி வளைந்த ஒரு அலுமினியக் குழாய். அதோடு ஒட்டியபடி சூட்டுச் சுருள். தொட்டித் தண்ணி ஒரு பக்கத்தால் இறங்கும், குழாய்க்குள் கொதிக்கும், கொதிக்கிற குமிழி தண்ணியை மறுபக்கத்தால் மேலே தள்ளும். தண்ணி திரும்பி ஓடாமல் இருக்க ஒரு சின்ன வால்வு. சூடு கூடினால் நிறுத்த ஒரு தேர்மோஸ்டாட், அதுவும் தவறினால் எரிந்து காப்பாற்ற ஒரு பியூஸ், வெளியே ஒரு சுவிச். அவ்வளவுதான், பம்ப் கிடையாது. சாடி நிற்கிற தட்டைச் சூடாக்குவதும் அதே சுருள்தான்.

இப்படி ஒரு குழாயை ஒருமுறை வாளால் அறுத்துப் பார்த்தேன். ஒன்றரை வருடம் கிணற்றுத் தண்ணியில் ஓடிய மெஷின் அது. பென்சில் போகவேண்டிய ஓட்டை, ஈர்க்கு மட்டும் போகிற அளவுக்கு அடைத்திருந்தது. சுண்ணாம்பு வளையம் வளையமாக, வெட்டின மரக்குற்றியில் தெரிகிற மாதிரி. வீட்டுக்காரர் சொன்ன குறை: "முந்தி அஞ்சு நிமிசம், இப்ப கால் மணித்தியாலம், ஆவிதான் கூட வருது." ஆவியும் கொடகொடச் சத்தமும் கூடி, நேரமும் கூடினால், குழாய் அடைக்கிறது என்று அர்த்தம். பழுதென்று அப்போதே தூக்கிப் போட வேண்டாம்.

குடிக்க ஃபில்டர் தண்ணி வாங்குகிறவர்கள் கோப்பி மெஷினுக்கும் அதையே ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணிதான் என்றால் மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். ஒரு லீற்றர் தண்ணியில் சிற்றிக் அசிட் ஒன்றரை மேசைக்கரண்டி கரைத்துத் தொட்டிக்குள் ஊற்றி, பாதி இறங்கியதும் சுவிச்சை நிறுத்தி, இருபது நிமிடம் விட்டு மீதியை ஓட்டுங்கள். பிறகு வெறும் தண்ணி இரண்டு தரம். வினாகிரியும் தண்ணியும் சரிபாதி கலந்தாலும் வேலை செய்யும், வீடு முழுக்க ஒரு நாளைக்கு ஊறுகாய் மணக்கும், அவ்வளவுதான். தேசிக்காய்ச் சாறு என்றால் துணியில் வடித்து ஊற்றுங்கள். சக்கை ஒன்று வால்வில் சிக்கினால் அப்புறம் என்னிடம்தான் வரவேண்டி இருக்கும்.

இந்தத் தண்ணிக் கதையை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் எஸ்பிரசோ மெஷின்களைப் பற்றி நான் ஏன் முகம் சுளிக்கிறேன் என்று விளங்கும். பிரஷரில் தண்ணியைத் தூளுக்குள்ளால் தள்ளுகிற வகை இது. பெட்டியில் பெரிதாக 15 பார் என்று போட்டிருப்பார்கள், பார் என்பது அந்தப் பிரஷரின் அளவு. எஸ்பிரசோ இறக்க 9 பார் போதும், மிச்சம் பெட்டிக்கு அழகு. உள்ளே அதிர்கிற ஒரு சின்னப் பம்ப், நூல் மாதிரித் தண்ணி வழிகள் உள்ள சூட்டுக் கட்டி, றப்பர் வளையங்கள், சிலவற்றில் ஒரு எலக்ட்ரோனிக் போர்ட். எங்கள் தண்ணிக்கு அந்த நூல் வழிகள் எத்தனை நாள் தாங்கும்? தொட்டியில் தண்ணி இல்லாமல் ஓடவிட்டால் பம்ப்பும் போய்விடும். கோப்பி நன்றாகத்தான் இருக்கும், நான் குடித்திருக்கிறேன். அதைக் கட்டிக் காக்கப் பொறுமையும், ஃபில்டர் தண்ணியும், கொழும்பில் சாமான் எடுத்து அனுப்ப ஒரு ஆளும் இருந்தால் வாங்குங்கள். காப்சூல் மெஷின், அதாவது தூள் அடைத்த சின்னச் சிமிழைப் போட்டு ஓட்டுகிற வகை, வேண்டவே வேண்டாம். காப்சூல் தீர்ந்தால் தர்மபுரத்தில் எந்தக் கடையில் போய்க் கேட்பீர்கள்?

அப்புறம் கரண்ட். 2022-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டினார்கள், காஸும் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. எங்கள் வீட்டில் மூன்று கல்லு வைத்து விறகு எரித்தோம். இந்த ஊரில் பலருக்கு அது புதிதில்லை, ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள்தானே. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் கோப்பி ஒரு நாளும் நிற்கவில்லை. காரணம், அப்பாயியின் துணி வடி.

எங்கள் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மாத்தளைப் பக்கத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தது. அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, கொண்டுவந்த சாமான்களில் கம்பி வளையத்தில் தைத்த ஒரு துணிப் பையும் உண்டு. கோப்பி வடிக்கிற அந்தப் பைதான் துணி வடி. வேடிக்கை என்னவென்றால், கோப்பித் தோட்டக் காலத்தில் எங்கள் மூதாதையர் மாதிரியானவர்கள் இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, இதே வன்னிக் காட்டு வழியாகத்தான் மாத்தளைக்கு நடந்து போனார்கள். போகிற வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1869-இல் இலைத்துரு நோய் வந்து, அதற்குப் பின் கோப்பி அழிந்து, தோட்டமெல்லாம் தேயிலை ஆனது. அப்பாயி பிறந்தது தேயிலைத் தோட்டத்தில். ஆனாலும் லயத்துக்குப் பின்னால் நின்ற நாலு கோப்பிச் செடியில் பழம் பறித்து, காயவைத்து, வறுத்து இடித்துத்தான் குடித்தார்கள். காலையில் தேத்தண்ணி, மழை நாளில் கோப்பி என்று அப்பாயிக்குக் கணக்கு.

துணி வடியில் பழுதாக ஒன்றும் இல்லை, துணி மட்டும்தான் கிழியும். மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை புதுத் துணி தைத்தால் போதும். சவர்க்காரம் போடாமல் வெந்நீரில் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரமாகச் சுருட்டி வைத்தால் அடுத்த நாள் கோப்பியில் பூஞ்சண வாடை அடிக்கும். ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்கு இதைவிட உறுதியான மெஷின் எனக்குத் தெரியாது. மெஷின் என்று சொன்னால் அப்பாயி சிரித்திருப்பார்.

தடிப்பான டிக்காஷன் வேண்டும், பால் சேர்த்துக் குடிக்க வேண்டும் என்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்தியச் சில்வர் ஃபில்டர். இரண்டு பாத்திரம், ஒன்றுக்கு மேல் ஒன்று. மேல் பாத்திரத்தின் அடியில் ஊசி ஓட்டைகள், தூளை அமுக்க ஒரு குடை, ஒரு மூடி. எங்கள் பக்கத்தில் இதை முதலில் பார்த்தது, தமிழ்நாட்டில் முகாமிலிருந்து திரும்பி வந்த ஒரு குடும்பத்திடம். திருச்சியில் வாங்கியது, அப்போதே பதினைந்து வருடப் பழசு, ஒரு நெளிவு மட்டும்தான். இப்போது பலாலியிலிருந்து சென்னைக்குப் போய்வருபவர்கள் நிறையப் பேர். சேலையோடு சேர்த்து இதையும் சொல்லி விடலாம்.

வாங்கும்போது மேல் பாத்திரத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டைகள் எல்லாம் ஒரே அளவாக, ஒழுங்காக ஒளி விட வேண்டும். நடுவில் கிழிந்த மாதிரிப் பெரிய ஓட்டை இருந்தால் தூள் விழும். மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் சுற்றினால் சுழல வேண்டும். காற்றுப் போக வழியில்லாமல் கவ்விப் பிடித்தால் சொட்டு இறங்காது. தகடு தடிப்பாக இருக்க வேண்டும், விரலால் அமுக்கினால் உள்ளே போகிற சாமான் வேண்டாம். காந்தம் ஒட்டினால் சீக்கிரம் கறள் பிடிக்கிற வகையாக இருக்கலாம். ஒட்டாவிட்டால் மட்டும் நல்ல சில்வர் என்று முடிவு கட்டவும் முடியாது. பித்தளை ஃபில்டர் பார்க்க அழகு, ஆனால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும், அது தேய்ந்தால் மறுபடி பூச ஆள் வேண்டும். இங்கே யாரைத் தேடுவது?

ஓட்டை அடைத்தால் சில்வர் ஃபில்டரின் மேல் பாத்திரத்தைக் குறடால் பிடித்து அடியை நெருப்பில் காட்டுங்கள். உள்ளே இருக்கிற தூள் எரிந்து சாம்பலாகும், தட்டிவிட்டுக் கழுவலாம். வெள்ளீயம் பூசிய பித்தளைக்கு இதைச் செய்யவே வேண்டாம், வெள்ளீயம் 232 பாகையில் உருகிவிடும்.

ஃபில்டருக்கு எங்கள் கடைத் தூள் ஒத்துவருமா என்று கேட்பார்கள். எங்கள் தூள் மா மாதிரி இருக்கிறது, ஃபில்டருக்குக் கொஞ்சம் கரகரப்பு வேண்டும். அரைக்கிற மில்லில் சொல்லி ரவை பதத்துக்கு அரைத்து வாங்குங்கள். மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த தூளை ஃபில்டருக்குள்ளும் மெஷினுக்குள்ளும் போடாதீர்கள். அது பானையில் கொதிக்க வைத்து வடிக்கிற சாமான். ஒருவர் அதை எஸ்பிரசோ மெஷினில் அமுக்கிப் போட்டுவிட்டு, தண்ணி வரவில்லை என்று கொண்டுவந்தார். கழற்றியபோது சாய்ப்பு முழுக்க ரச வாசம்.

இனி கனடாப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய சாமான்: மோக்கா பொட். 1933-இல் இத்தாலியில் பியலெட்டி செய்தது, எட்டுப் பட்டை அலுமினியக் கேத்தில். கீழே தண்ணி, நடுவில் தூள், அடுப்பில் வைத்தால் ஆவி தண்ணியைத் தூளுக்குள்ளால் மேலே தள்ளும். வயர் இல்லை, வோல்ட் இல்லை. சுண்ணாம்பு பிடித்தாலும் கையை விட்டுத் தேய்க்கலாம். தேய்கிறது ஒரு றப்பர் வாசர் மட்டும்தான். தண்ணியைப் பக்கத்தில் தெரிகிற சின்ன வால்வுக்குக் கீழே நிறுத்துங்கள். அந்த வால்வு அடைத்தால் பிரஷர் போக வழியில்லை, அதனால் கழுவும்போது விரலால் தடவிப் பாருங்கள். தூளை அமுக்கவும் வேண்டாம். விறகடுப்புக்கு இது சரிவராது, பிளாஸ்டிக் பிடி உருகிவிடும். காஸ் அடுப்பின் பெரிய கம்பியில் சின்னப் பொட் சரியும், ஒரு சின்ன வலைத் தட்டு வைக்க வேண்டும். பிரெஞ்ச் பிரஸ், அதாவது தூளை வெந்நீரில் ஊறவைத்து வலைத் தட்டால் அமுக்குகிற சாடி, அதைப் பற்றியும் கேட்கிறார்கள். கண்ணாடி ஒன்று உடைந்தால் கதை முடிந்தது. சில்வரில் கிடைத்தால் வாங்கலாம்.

இவ்வளவு சொல்லியும் கரண்ட் மெஷின்தான் வேண்டும் என்பவர்கள் உண்டு, காலையில் ஆறு மணிக்கு வேலைக்கு ஓடுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்படியானால் ட்ரிப் மெஷின், அதிலும் டக் என்று அமுக்குகிற ஒரே ஒரு சுவிச் உள்ளதாக எடுங்கள். டிஸ்பிளே, மணிக்கூடு, தொட்டால் வேலை செய்கிற பட்டன் எதுவும் வேண்டாம். ஏன் என்றால் சிற்றெறும்பு. வன்னியில் மெஷினுக்குள் வீடு கட்டாத உயிர் கிடையாது. சூடும் ஈரமும் இருக்கிற இடம் எறும்புக்கும் பல்லிக்கும் சொர்க்கம். எலக்ட்ரோனிக் போர்ட்டில் பல்லி ஒன்று கருகி ஒட்டினால் போர்ட்டே போச்சு. சாதாரண சுவிச் என்றால் துடைத்துவிட்டு மறுபடி பூட்டலாம். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் பிளக்கைக் கழற்றி வைக்க வேண்டும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கடையில் நின்று மெஷினைத் திருப்பி ஸ்க்ரூவைப் பாருங்கள். சாதாரண நட்சத்திரத் தலை என்றால் யாரும் திறக்கலாம். முக்கோணத் தலை, ஓட்டைக்குள் மறைந்த தலை என்றால், திறக்கக் கூடாது என்று செய்தவர் நினைத்திருக்கிறார். வயர் உடம்புக்குள் நுழைகிற இடத்தில் தடித்த றப்பர் கழுத்து இருக்க வேண்டும். கண்ணாடிச் சாடி தனியாக விற்கிறார்களா என்று கேளுங்கள். மெஷின் நன்றாக இருக்கச் சாடி உடைந்து மூலையில் கிடப்பவை என் சாய்ப்பிலேயே இரண்டு உண்டு. கண்ணாடிக்குப் பதில் சில்வர் பிளாஸ்க் சாடி வைத்த வகை கிடைத்தால் எடுங்கள். உடையாது, சூட்டுத் தட்டும் வேண்டியதில்லை, கோப்பி கசந்து கருகாது. பெட்டியில் 10 கப் என்று இருந்தால் ஏமாற வேண்டாம், அவர்கள் கணக்கில் ஒரு கப் 125 மில்லிலீற்றர் அளவுதான். எங்கள் குவளைக்கு அது ஆறு பேருக்குக் காணும்.

சோலார் இன்வேர்ட்டரில் ஓட்டலாமா என்றும் கேட்கிறார்கள். ட்ரிப் மெஷின் 900 வாட்ஸ் இழுக்கும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் போட்ட சின்ன இன்வேர்ட்டர் அதைத் தாங்காது. பத்து நிமிடத்துக்கு மின்சாரம் 0.15 யூனிட்தான், செலவு பெரிதில்லை. ஒரேயடியாக இழுக்கிற இழுவைதான் பிரச்சினை.

வாரண்டி விஷயத்தில் எனக்கே ஒரு சூடு உண்டு. தங்கைக்கு ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தேன், இரண்டு வருட வாரண்டி. ஏழாம் மாதம் நின்றது. கடையில் வாரண்டி அட்டையை நீட்டினால், சீல் குத்தவில்லை, கொழும்புக்கு நீங்களே கொண்டுபோக வேண்டும் என்றார்கள். பஸ்ஸில் போய்வருகிற காசும் ஒரு நாள் கூலியும் சேர்த்தால் பாதி மெஷின். நானே திறந்தேன், வாரண்டி அத்தோடு போனது, மெஷின் இன்னும் ஓடுகிறது. பில்லிலும் வாரண்டி அட்டையிலும் திகதியும் சீலும் இருக்கிறதா என்று கடைக்குள்ளேயே நின்று பாருங்கள். பழுதானால் இங்கேயே பொறுப்பெடுப்பீர்களா என்பதை வாயால் கேட்டு வாங்குங்கள்.

எந்த வகை வாங்கினாலும் தேய்கிற சாமானை அன்றைக்கே கூட ஒன்று வாங்கிவிடுங்கள். மோக்கா பொட் என்றால் அதே அளவு வாசர் இரண்டு, ட்ரிப் மெஷின் என்றால் முடிந்தால் ஒரு சாடி. பெட்டியை எறியாமல் அதற்குள்ளேயே போட்டு வையுங்கள். மோக்கா வாசர் கேட்டு என்னிடம் இதுவரை நாலு பேர் வந்துவிட்டார்கள், என் மூன்று பிஸ்கட் டின்னிலும் அது இல்லை.